காற்றுக்கும் காலம் மாறுமா?
காலநிலை மாற்றமும் காற்று மின்சாரமும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எந்த மாதத்தில் லயத்துத் தகரம் தடதடக்கும், எந்தக் காற்று மழையைக் கொண்டு வரும், எந்தக் காற்று கொழுந்தைக் காய வைக்கும் என்பதெல்லாம் நம் பெரியவர்களுக்கு அத்துப்படி. "கச்சான் காத்து கிளம்பிருச்சு, இனி மலையில கொழுந்து கொறஞ்சிரும்" என்று ஊவாப் பக்கத்தில் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம்.

இந்தக் காற்றிலிருந்து இப்போது மின்சாரமும் எடுக்கிறார்கள். மன்னாருக்கோ அம்பேவெல பக்கமோ போய் வந்தவர்கள், மூன்று இறக்கைகளோடு வானத்தில் சுற்றும் பெரிய காற்றாடிகளைப் பார்த்திருப்பீர்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் பூமி சூடாகிறது, அதனால் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுப்போம் என்று உலகம் முழுவதும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் இதில் ஒரு கேள்வி உண்டு. பூமி சூடாகி மழைக்காலம் மாறுவதுபோல, காற்றும் மாறிவிட்டால் என்ன செய்வது? "காத்து நின்னுருச்சுன்னா கரண்டும் நின்னுருமே!" என்று பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

காற்று எப்படி உண்டாகிறது?

அடுப்பு மூட்டினால் புகை மேலே போகிறது. சூடான காற்று லேசானது, அதனால் மேலே எழும்புகிறது. அது எழும்பிய இடத்தை நிரப்ப, பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. அப்படி ஓடி வருவதைத்தான் நாம் காற்று வீசுகிறது என்கிறோம். ஓர் இடம் சூடாகவும் இன்னோர் இடம் குளிராகவும் இருந்தால்தான் காற்று ஓடும். வித்தியாசம் கூடினால் வேகம் கூடும். வித்தியாசம் குறைந்தால் வேகமும் குறையும்.

நமது தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்றும் இப்படித்தான் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவின் பெருநிலம் வெயிலில் கொதிக்கிறது. கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. ஆகவே கடலில் இருந்து நிலத்தை நோக்கிக் காற்று கிளம்புகிறது. மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் காற்று நம் தீவைக் கடந்து போகிறது. மன்னார், யாழ்ப்பாணத்து மீனவர்கள் இதைச் சோளகம் என்பார்கள், கிழக்கில் கச்சான் என்பார்கள். மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கத்தில் இது மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி பண்டாரவளை, அப்புத்தளை, பசறைப் பக்கம் இறங்கும்போது ஈரம் போய் வறண்ட காற்றாக அடிக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை திசை மாறி வடகீழ்ப் பருவக்காற்று வருகிறது. அதுதான் நம் ஊரில் வாடை என்று நடுங்க வைப்பது.

கொஞ்சம் குறைந்தால் நிறையக் குறையும்

காற்றாடி சுற்றுவது எல்லோருக்கும் விளங்கும். அதற்குள் இருக்கும் கணக்குத்தான் முக்கியம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. வேகத்தை மூன்று தடவை பெருக்க வேண்டும், 2 x 2 x 2 = 8.

இதையே திருப்பிப் பாருங்கள். காற்றின் வேகம் 10 வீதம் மட்டும் குறைந்தால், 0.9 x 0.9 x 0.9 = 0.73. காற்றில் உள்ள சக்தி 27 வீதம் குறைந்துவிடும். 10 வீதம் கூடினால் 33 வீதம் கூடும். நம் முகத்தில் அடிக்கும் காற்றில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் காற்றாடிக்குத் தெரியும், மின்சாரக் கணக்கிலும் தெரியும்.

இன்னும் மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, காற்றாடி சுற்ற ஆரம்பிக்க செக்கனுக்கு 3 அல்லது 4 மீற்றர் வேகமாவது வேண்டும். சுமார் 12, 13 மீற்றர் வேகத்தில் அது தன் முழு அளவு மின்சாரத்தையும் தந்துவிடும், அதற்கு மேல் காற்று கூடினாலும் மின்சாரம் கூடாது. சுமார் 25 மீற்றரை, அதாவது மணிக்கு 90 கிலோமீற்றரைத் தாண்டினால், உடைந்துவிடாமல் இருக்க அதுவே நின்றுவிடும். ஆகவே காற்று குறைந்தாலும் நட்டம், அளவுக்கு மீறி அடித்தாலும் நட்டம்.

இரண்டாவது, தரைக்குப் பக்கத்தில் மரமும் வீடும் மேடும் காற்றைத் தடுக்கும். உயரப் போகப் போக வேகம் கூடும். அதனால்தான் இந்தக் காலத்துக் காற்றாடிகளை 80, 100 மீற்றர் உயரத் தூண்களில் வைக்கிறார்கள்.

மூன்றாவது, மலைநாட்டுக் காற்று மெல்லியது. அம்பேவெல உயரத்தில் காற்றின் கனம் கடற்கரையில் உள்ளதைவிட 15 வீதத்துக்கு மேல் குறைவு. ஒரே வேகத்தில் வீசினாலும் மன்னார்க் காற்று கூடுதலாக மின்சாரம் தரும். சூடான காற்றும் லேசானதுதான். வெப்பம் 3 பாகை கூடினால் காற்றின் கனம் சுமார் 1 வீதம் குறையும். இது சிறு குறைவு. பெரிய கேள்வி வேகத்தைப் பற்றியதே.

நம் நாட்டில் எங்கே காற்று இருக்கிறது?

2003 இல் அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் இலங்கைக்கு ஒரு காற்று வரைபடம் தயாரித்தது. நல்ல காற்றுள்ள நிலங்களில் சுமார் 20,000 மெகாவாட் அளவுக்குக் காற்றாடிகள் வைக்க இடமுண்டு என்று அதில் மதிப்பிட்டார்கள். கற்பிட்டியிலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரையிலான கரையோரமும், நம் மத்திய மலைநாட்டின் சில பகுதிகளும் அதில் முக்கியமானவை.

1999 இல் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாட் அளவில் முதல் சிறு காற்றாலையை மின்சார சபை தொடங்கியது. 2010 முதல் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில் தனியார் காற்றாலைகள் வந்தன. 2012 இல் அம்பேவெலவில் ஒன்று வந்தது. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் 30 காற்றாடிகளோடு 100 மெகாவாட் அளவிலான தம்பபவனி திறக்கப்பட்டது. 2030 ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைத் தண்ணீர், காற்று, வெயில் போன்றவற்றிலிருந்து பெறுவது என்று அரசாங்கம் இலக்கு வைத்தது. மன்னார் மக்கள் பறவைகளுக்கும் தண்ணீர் வடிந்தோடும் வழிகளுக்கும் பாதிப்பு வரும் என்று கவலை தெரிவித்து வருகிறார்கள். காற்று மின்சாரம் நல்லது என்பதற்காக அந்த இடத்து மக்களின் பேச்சைத் தள்ளிவிட முடியாது.

ஒரு காற்றாடியின் ஆயுள் 20 முதல் 25 வருடம். இன்று நடுவது 2050 வரை நிற்கும். ஆகவே இன்றைய காற்றை மட்டும் அளந்து பார்த்துப் பணத்தைப் போட முடியாது. நம் பிள்ளைகள் காலத்துக் காற்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பூமி சூடானால் காற்று கூடுமா, குறையுமா?

"சூடு கூடினா காத்தும் கூடத்தானே வேணும்?" என்று நினைக்கத் தோன்றும். முன்பு பார்த்ததை நினைவுபடுத்துங்கள். காற்றை ஓட்டுவது இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம். ஆகவே எந்த இடம் எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்று பார்க்க வேண்டும்.

வட துருவம் உலகத்தின் மற்ற இடங்களைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சூடாகி வருகிறது. குளிர்ந்த வடக்குக்கும் வெப்பமான நடுப்பகுதிக்கும் இருந்த வித்தியாசம் குறைகிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற இடங்களில் காற்று தளரக்கூடும் என்பதற்கு இது ஒரு காரணம். 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வட பகுதி நாடுகளில் காற்றுச் சக்தி குறையும் என்றும், வெப்ப மண்டலத்திலும் தெற்கிலும் சில இடங்களில் கூடும் என்றும் கணக்கிட்டார்கள். நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் கரையோரங்களில் வித்தியாசம் கூடலாம் என்பது அதன் காரணம்.

நம் பக்கத்திலோ இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறு இழுப்பு நடக்கிறது. நிலம் சூடாவது பருவக்காற்றைப் பலப்படுத்தும். ஆனால் இந்து சமுத்திரமும் வேகமாகச் சூடாகி வருகிறது. கடலும் சூடாகிவிட்டால் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து காற்று தளரும். 2018 டிசம்பரில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 1980 முதல் 2016 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்து, இந்தியாவில், அதுவும் மேற்கு இந்தியாவில், காற்றுச் சக்தி குறைந்து வந்திருக்கலாம் என்றும், இந்து சமுத்திரம் சூடானது அதற்குக் காரணம் என்றும் சொன்னது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சூடான காற்று ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும், ஒரு பாகைக்குச் சுமார் 7 வீதம். அதனால் பருவக்காற்றின் ஓட்டம் தளர்ந்தாலும் தெற்காசியாவில் பருவமழை மொத்தத்தில் கூடும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2021 அறிக்கையில் கூறியது. "காத்து கம்மி, ஆனா பேஞ்சா பேய் மழை" என்ற நிலை வரலாம் என்று இதை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

உலகம் ஏற்கனவே கண்டது

1980 முதல் 2010 வரை உலகின் பல நாடுகளில் தரைக்குப் பக்கத்துக் காற்று மெல்ல மெல்லத் தளர்ந்து வந்தது. மரங்களும் கட்டடங்களும் பெருகியதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். காற்றளக்கும் கருவிக்குப் பக்கத்தில் சவுக்கு மரம் வளர்ந்துவிட்டால் அது காற்றைக் குறைவாகத்தானே காட்டும்? ஆனால் 2010 அளவில் காற்று மறுபடியும் வேகம் பிடித்தது. மரங்களும் கட்டடங்களும் அப்படியே நிற்கக் காற்று மட்டும் கூடியதால், கடலின் சூடு பல வருடங்களுக்கு ஒருமுறை மாறுவதும் பெரிய காரணம் என்று 2019 இல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. ஐந்து வருடம் காற்று குறைந்தால் உடனே "காலநிலை மாற்றம்" என்று சொல்லிவிட முடியாது. ஐந்து வருடம் கூடினால் கவலையில்லை என்று இருந்துவிடவும் முடியாது. நம் தோட்டங்களில் மழையளவை நாள் தவறாமல் கொப்பியில் எழுதி வைக்கும் பழக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. அதுபோல் நீண்ட காலக் கணக்கு காற்றுக்கும் வேண்டும்.

2021 ஆம் ஆண்டு ஐரோப்பாவில் காற்று வழக்கத்தைவிடத் தளர்ந்தது. காற்றாலைகளை நம்பியிருந்த இங்கிலாந்து, ஜேர்மனி போன்ற நாடுகள் கூடுதல் எரிவாயுவும் நிலக்கரியும் எரிக்க வேண்டி வந்தது. எரிவாயு விலை ஏறிய அதே வருடத்தில் இதுவும் சேர்ந்துகொண்டது. காற்று எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட முடியாது என்பதை அந்த நாடுகள் அன்று நன்றாக உணர்ந்தன.

நமக்கு இதில் என்ன?

"காத்தாடி மன்னார்ல, நாம மலையில. நமக்கென்ன?" என்று கேட்கலாம். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

மலைநாடு இந்த நாட்டுக்கு மின்சாரம் கொடுத்த நாடு. நூறு வருடத்துக்கு முன்பே பல தோட்டங்கள் ஆற்றுத் தண்ணீரில் ஸ்டோர் இயந்திரங்களை ஓட்டின. 1950 இல் லக்ஷபான வந்தது. காசல்ரீ, மவுஸாகலை நீர்த்தேக்கங்கள் நம் கண் முன்னால் இருப்பவை. மழை பொய்த்தால் மவுஸாகலைத் தண்ணீர் இறங்கி, மூழ்கிப் போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். அப்படி வறண்ட 1996 இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 இல் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை விளக்கணைந்து கிடந்ததையும் மறந்திருக்க மாட்டோம்.

தண்ணீர் குறைந்தால் எண்ணெய் எரிக்க வேண்டும். எண்ணெய்க்கு விலை கூட. அந்தச் செலவு கடைசியில் பில்லில் வருகிறது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் காற்று மின்சாரம் உதவுகிறது. மன்னாரில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை காற்று பலமாக வீசும்போது நீர்த்தேக்கத்துத் தண்ணீரைச் சேமித்து வைக்கலாம். ஆனால் மலைக்கு மழை கொண்டுவருவதும் காற்றாடியைச் சுற்ற வைப்பதும் ஒரே தென்மேல் காற்றுத்தான். அது தளர்ந்த வருடத்தில் காற்றாலையும் நீர்த்தேக்கமும் ஒன்றாகவே ஏமாற்றலாம். இரண்டு ஆள் உழைக்கிற வீட்டில் இரண்டு பேரும் ஒரே நாளில் படுத்துக்கொண்டால் எப்படியோ, அப்படித்தான்.

அடுத்தது ஸ்டோர். கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குக் கீழே காற்றை ஊதும் பெரிய விசிறிகள், அரைக்கும் ரோலர்கள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்சாரம் நின்றால் வாட்டத்துக்குப் போட்ட கொழுந்து கெட்டுப் போகும், அல்லது டீசல் எரித்து ஜெனரேட்டர் ஓட்ட வேண்டும். மின்சாரச் செலவு ஏறினால் உற்பத்திச் செலவு ஏறும். உற்பத்திச் செலவு ஏறிவிட்டது என்ற பேச்சு சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு எத்தனை தடவை வந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா?

மூன்றாவது, தேயிலையே காற்றை நம்பியிருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் வறண்ட கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசனையைக் கொடுக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த வறண்ட காற்று திம்புலத் தேயிலைக்கு நல்ல காலம். காற்றின் பருவம் மாறினால், பில்லில் மட்டுமல்ல, ஏலத்தில் கிடைக்கும் விலையிலும் அது தெரியும்.

மெல்லிய காற்று குறைய, புயல் பலக்கும்

சராசரிக் காற்று தளர்ந்தாலும் புயல் தளராது. கடல் சூடாவதால் பலமான புயல்களின் பங்கு கூடும் என்று 2021 அறிக்கை சொல்கிறது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்பதை நம் குடும்பங்களே அனுபவித்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், மண்சரிவு லயங்களையும் பாதைகளையும் கொண்டு போனது. அந்த மாதிரி நாளில் காற்றாடி மின்சாரம் தருவதில்லை, தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மின்கம்பிகளும் அறுந்து விழும். ஆகவே காற்றாலை கட்டுகிறவர்கள் சராசரிக் காற்றோடு பெரும்புயலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்படியானால் காற்றாலை வேண்டாமா?

அப்படிச் சொல்லக் கூடாது. பெரும்பாலான கணக்குகளில் சராசரிக் காற்றின் மாற்றம் சிறியதாகவே வருகிறது. ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் இடையில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் பல இடங்களில் அதைவிடப் பெரியது. காற்று அடியோடு நின்றுவிடும் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. மறுபக்கத்தில், நிலக்கரியும் எண்ணெயும் தொடர்ந்து எரித்தால் சூடு இன்னும் ஏறும், மழையும் காற்றும் இன்னும் குழம்பும். 2024 ஆம் ஆண்டு உலகச் சராசரி வெப்பம் பழைய காலத்தைவிட 1.5 பாகைக்கு மேல் போன முதல் வருடமாகப் பதிவானது.

ஆகவே செய்ய வேண்டியது, ஒன்றை மட்டும் நம்பாமல் இருப்பது. கரையோரத்திலும் மலையிலும் காற்றாடி, கூரைகளில் சோலார், ஆறுகளில் நீர் மின்சாரம், மிச்சத்தைச் சேமிக்கப் பெரிய பட்டரிகள் என்று கலந்து வைத்தால் ஒன்று தவறினாலும் இன்னொன்று தாங்கும். ஒரே தோட்டத்துக்குள்ளேயே கொழுந்து குறையும் மாதத்தைத் தாங்க மாடும் மரக்கறித் தோட்டமும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தப் புத்தியைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டிலும் தோட்டத்திலும் நாம் செய்யக்கூடியவை

1. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டில் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும். அயன் பண்ணுவது, தண்ணீர் மோட்டர் போடுவது போன்றவற்றை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள்.

2. குண்டு பல்பை மாற்றி எல்.இ.டி. பல்ப் போடுங்கள். வெளிச்சம் அதேதான், பில் குறையும்.

3. மே மாதத்துக்கு முன்பே கூரைத் தகரத்தையும் ஆணிகளையும் பாருங்கள். லயத்துக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரக்கிளைகளை வெட்டித் தரச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்திருங்கள்.

4. அறுந்து விழுந்த மின்கம்பியை யாரும் தொட வேண்டாம். பிள்ளைகளை நெருங்க விட வேண்டாம். மின்சார சபைக்கு 1987 என்ற எண்ணில் அறிவியுங்கள்.

5. பலத்த காற்று, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் "பார்த்துக்கலாம்" என்று இருக்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

6. தோட்டத்துக் காற்றுத் தடுப்பு மர வரிசைகளை விறகுக்காக வெட்ட விடாதீர்கள். அவை செடியையும் லயத்தையும் சேர்த்துக் காப்பவை.

7. உங்கள் பகுதியில் காற்றாலையோ சிறு நீர்மின் நிலையமோ வருகிறது என்று கேள்விப்பட்டால் கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை வருடம் காற்றை அளந்தார்கள், பாதையும் தண்ணீரும் என்னாகும், வேலை யாருக்கு, நம் லயத்துக்கு ஒழுங்கான மின் இணைப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

காற்றை யாரும் அடைத்து வைக்க முடியாது, விலைக்கும் வாங்க முடியாது. மாறி வரும் காற்றைக் கவனித்து, அதற்கேற்ப வீட்டையும் நாட்டையும் தயார்ப்படுத்துவது நம் கையில் இருக்கிறது. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சின்ன வயதில் கண்ட கச்சானும் வாடையும் எப்படி இருந்தன என்று கேட்டு, பிள்ளைகளைக் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.